சீதன வீட்டில் வாடகைக்கு

யூலை 5, திங்கள்

சோளகக் காற்று ஓயவில்லை. விடியத் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். சைக்கிள் பின் சில்லு மறுபடி காற்றுப் போயிற்று. புது ரயர் எங்கேயும் இல்லை. யுத்தம் முடியட்டும் என்கிறான் கடைக்காரன். ஒட்டுக்கு மேல் ஒட்டு.

பின்னேரம் வீட்டுக்காரர் வந்தார். வைத்திலிங்கம், நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் (இனி வை. என்று எழுதினால் போதும்). வழக்கம்போல ஒரு சீப்புக் கதலி. வழக்கத்துக்கு மாறாக, கதிரையில் இருக்க மாட்டேன் என்று நின்றபடியே கதைத்தார். மகளுக்குச் சம்பந்தம் ஒன்று சரிவந்திருக்கிறதாம். ஆவணியில் கலியாணம். இந்த வண்ணார்பண்ணை வீடு அவளுக்கென்றே கட்டிய சீதன வீடு. ஆகவே ஆடி முடிவதற்குள் நாங்கள் வெளிக்கிட வேண்டும்.

கொழும்பில் குண்டு விழுந்ததும் மாற்றம் வாங்கிக்கொண்டு, மனைவி இராசத்தையும் பிள்ளைகளையும் கூட்டி வந்து இந்த வீட்டைக் கேட்டபோது, "பிள்ளைக்குச் சரிவருமட்டும் இருங்கோ" என்றுதான் அவர் சொன்னார். மறக்கவில்லை. ஆனால் அப்போது வாடகைச் சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது. வாடகையைக் கூட்டவும் ஏலாது, கோட்டு வழக்கு என்று போகாமல் குடியிருப்பவனை எழுப்பவும் ஏலாது. நான் வேலை செய்யும் கந்தோரில் எல்லோர் வாயிலும் இதே கதைதான். வாடகைக்கு இருப்பவன் நல்ல சட்டம் என்கிறான், வீடு வைத்திருப்பவன் கலிகாலம் என்கிறான். பெரிய கிளாக்கர் தன் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு வீட்டில் வாடகைக்கு இருப்பவர். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று சொல்கிறார்.

வை.க்குச் சட்டத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தம்பி, வீடு கட்டினது நான். உந்தச் சட்டத்தைக் கட்டினவன் கல்லுச் சுமந்தவனோ?" என்றார். கதலியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

யூலை 8, வியாழன்

கூப்பன் அரிசியில் கல். இராசம் சுளகோடு இருந்து பொறுக்கினாள், வாயும் சும்மா இருக்கவில்லை. எனக்குப் பிடிவாதம் இல்லை என்று காட்ட வீடு தேடினேன். பார்த்தவை:

கொக்குவில்: நல்ல வீடு. பட்டாளத்து ஆட்கள் எடுத்துவிட்டார்கள்.
ஆனைக்கோட்டை: பாதி வீடு. மற்றப் பாதியில் வீட்டுக்காரரின் கொழுந்தி. அவ கதைக்கிறது றோட்டுக்குக் கேட்கிறது.
நாவலர் றோட்டு: வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்க வேண்டும் போல. கொழும்பிலிருந்து வந்த மூன்று குடும்பம் ஏற்கெனவே கேட்டுவிட்டதாம்.
கோப்பாய்: ஓலை வீடு, கிணறு உவர். காலியாக இருக்கிறது. ஏன் காலியாக இருக்கிறது என்று விளங்குகிறது.

ஆகவே எங்கும் போவதில்லை. மனச்சாட்சிக்குக் கணக்குக் காட்டியாயிற்று.

யூலை 11, ஞாயிறு

பல் நோவு. கிராம்பு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வீடு பார்க்க வந்தார், வை.யும் கூட. கறுத்தக் கோட்டு, குடை. நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியில் அள்ளி, உள்ளங்கையில் ஏந்தி ஒரு மிடறு வாயில் வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார். துப்பினார். இன்னொரு மிடறு. எங்கள் பக்கத்தில் சீதன வீட்டுக்குச் சுவரைப் பார்க்க முதல் தண்ணீரைப் பார்ப்பார்கள். கடைசியில் "நல்ல தண்ணி" என்றார். பரீட்சை பாஸ் பண்ணிய பிள்ளை மாதிரி வை. என்னைப் பார்த்துச் சிரித்தார், எங்கள் சண்டையை ஒரு கணம் மறந்து.

பிறகு குடையால் அறைகளை அளந்தார். நான் விறாந்தையில் பேப்பர் விரித்தபடி. குடை என் கதிரைக் காலில் முட்டியது. "கொஞ்சம் எழும்புங்கோ" என்றார். எழும்பினேன். இதைப்பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

இராசம் பிறகு சேகரித்த விபரம்: மாப்பிள்ளைக்குக் கொழும்பில் உத்தியோகம். முதல் மனைவி செத்துவிட்டா, ஒரு பெண்பிள்ளை. தாயையும் பிள்ளையையும் இங்கே கொண்டுவந்து விடவேண்டும், அதற்கு வீடு வேண்டும், வெறும் வீடு. "அவருக்குப் பொம்பிளையிலும் பாக்க வீடு அவசரம்" என்று இராசம் சொன்னாள். தலையில் மயிரும் பின்பக்கம் மட்டுந்தானாம். இதையெல்லாம் கிணற்றடியில் நின்றே அறிந்திருக்கிறாள்.

யூலை 17, சனி

ஆடிப்பிறப்பு. கூழ், கொழுக்கட்டை. பனங்கட்டித் தட்டுப்பாட்டில் கூழ் நிறம் மட்டும் கறுப்பு, இனிப்பு இல்லை.

வை.யின் மனைவியும் மகளும் மாட்டுத் திருக்கல் வண்டியில் வந்தார்கள். தாய்க்குப் பந்தல் எங்கே போடுவது என்று பார்க்க வேண்டும். எங்கள் தலைக்கு மேலேயே பந்தல் போடுகிறார்கள் என்று எரிச்சல், காட்டவில்லை. மகளின் பெயர் மங்கை. இருபத்திரண்டு வயது. தாய் முற்றத்தை நடந்து பார்க்க, அவள் அடுப்படிப் பக்கம், குசினிப் படியில் இருந்து இராசத்தோடு கொழுக்கட்டை தின்றாள். போகும்போது என்னிடம், "ஐயா, குடியிருக்கிற ஆக்களை ஒருதரும் எழுப்ப ஏலாதோ?" என்று கேட்டாள். தகப்பன் கேட்கச் சொல்லி விட்டிருக்கிறார் என்று நினைத்து, கடுமையாகவே பதில் சொன்னேன். கோட்டில் நீதவான் சொன்னாலொழிய ஏலாது, வீட்டுச் சொந்தக்காரர் தனக்கோ தன் குடும்பத்துக்கோ வேண்டும் என்று கோட்டில் நிரூபிக்க வேண்டும், அது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று. தலையாட்டிக் கேட்டாள். கெட்டிக்காரி.

இராவு இராசம்: "பிள்ளையின்ரை முகத்திலை கலியாணக் களை இல்லையப்பா. ரீச்சர் ட்றெயினிங்குக்குப் போக ஆசையாம். தேப்பன் கலியாணத்துக்குப் பிறகு பாப்பம் எண்டவராம்." எல்லாப் பெண்பிள்ளையும் அந்த நேரம் அப்படித்தான் என்றேன். விளக்கை ஊதிவிட்டேன்.

யூலை 26, திங்கள்

கோட்டுக் கடதாசி வந்தது. வை. வழக்கு வைத்துவிட்டார். வீடு மகளுக்கு வேண்டுமாம். கையெழுத்து வைத்து வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் நான்தான் முதன்முதல் கோட்டுப் படி ஏறுகிறவன்.

எங்களுக்கு வழக்குப் பேசும் பிறக்கிராசியாரிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கேட்டார். வெல்லலாம் என்றும் சொல்லவில்லை, தோற்போம் என்றும் சொல்லவில்லை. மகள் கலியாணம் கட்டிக்கொண்டு வந்து குடியிருக்கப் போகிறாள் என்றால் நீதவான் இரங்கக் கூடுமாம். காணி உறுதிப் பத்திரங்களை எதற்கும் ஒருக்கால் பார்ப்போம் என்றார்.

கதலி வருவது நின்றுவிட்டது. கடையில் வாங்கினேன். அதே நீர்வேலிப் பழம்தான், ஆனாலும் ருசி இல்லை.

ஓகஸ்ட் 9, திங்கள்

பிறக்கிராசியார் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் வெளிச்சம். வை. போன மாதமே வீட்டை மகளுக்கு எழுதிவிட்டார். உறுதியைக் கண்ணால் காணாமல் நாள் வைக்க மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் நின்றிருக்கிறார்கள்; பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் ஓடிப் போய் எழுதிப் பதிவும் செய்தாயிற்று. வழக்கு வைத்த நாளில் வீடு அவருடையது இல்லை.

"அவருக்கு உது தெரியாதோ?" என்றேன். தெரியும், ஆனால் தகப்பன் வேறு பிள்ளை வேறு என்று அவர் நினைக்கவில்லை என்றார் பிறக்கிராசியார். ஒரே ஒரு கேள்வி போதுமாம்.

நல்லூர்க் கோயிலில் கொடி ஏறியாயிற்று. வீட்டில் மீன், மச்சம் இல்லை. கத்தரிக்காய், கத்தரிக்காய், கத்தரிக்காய்.

ஓகஸ்ட் 12, வியாழன்

வழக்கு.

கோட்டில் புழுக்கம். வை. புது வேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. பின் வாங்கில் மாப்பிள்ளையின் தாய்மாமன், குடையை முழங்காலுக்கிடையில் ஊன்றிக்கொண்டு. எங்கள் பிறக்கிராசியார் எழும்பி மரியாதையாகக் கேட்டார்: இந்த வீடு யாருடையது?

அவருடைய பிறக்கிராசி ஏதோ முணுமுணுத்தார். வை. ஒருதரம் பின் வாங்கைத் திரும்பிப் பார்த்தார். என்னுடையது என்று சொன்னால் அங்கே இருக்கிற மனுஷன் உறுதி பொய் என்று எழும்பிப் போய்விடும். நிமிர்ந்து நின்று, கோடு முழுக்கக் கேட்க, "என்ரை பிள்ளையின்ரை. எழுதிக் குடுத்திட்டன்" என்றார்.

அவ்வளவுதான். நீதவான் பேனையை வைத்தார். வீட்டுச் சொந்தக்காரி வந்து கேட்கட்டும், இவர் கேட்க ஏலாது, வழக்குத் தள்ளப்படுகிறது.

வெளியே மாமரத்துக்குக் கீழே வை. நின்றார். கோபம் இல்லை, அதுதான் கஷ்டம். "வெண்டிட்டியள் தம்பி. சந்தோஷம். நான் போய்ப் பிள்ளைக்கு என்னத்தைச் சொல்ல?" என்றார். சால்வையைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார்.

கந்தோரில் எல்லோருக்கும் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் இரண்டு குடித்தார்.

ஓகஸ்ட் 16, திங்கள்

காற்றுத் தணிந்திருக்கிறது. வெக்கை.

கலியாணம் குழம்பிவிட்டது. நீர்வேலியிலிருந்து மரக்கறி கொண்டுவரும் பெண்பிள்ளை இராசத்துக்குச் சொன்னது. இனி எப்போது வழக்கு வைத்து எப்போது வீடு வெறுமையாகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். அவர்களுக்கு அச்சுவேலியில் வேறிடம் சரிவந்துவிட்டது. ஊரில் கதை வேறு மாதிரி: கலியாணம் குழம்பின பெட்டை என்று.

நான் சட்டத்தை எழுதவில்லை. உறுதியை அவசரப்பட்டு எழுதச் சொல்லவில்லை. கோட்டில் அப்படிச் சொல்லச் சொல்லவும் இல்லை. இவை எல்லாவற்றையும் இராசத்துக்குச் சொன்னேன். அவள் சோறு போட்டாள்.

சாப்பாடு இறங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. எழுதியும் விடுகிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்.

ஓகஸ்ட் 20, வெள்ளி

அரை நாள் லீவு. சைக்கிளில் நீர்வேலி. வழியில் இரண்டு இடத்தில் காற்று அடித்தேன்.

வை. தோட்டத்தில் நின்றார், மண்வெட்டியோடு, வாழைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டு. என்னைக் கண்டதும் வாய்க்காலை மறித்துவிட்டு வந்தார். செப்டெம்பர் முதலாந்திகதி வீட்டை விடுகிறோம், கோப்பாயில் வீடு பேசியாயிற்று என்றேன். கொஞ்ச நேரம் நம்பவில்லை. கோடு சொல்லாமல் ஏன் என்று கேட்டார். இருக்குமட்டும் இருந்தாயிற்று என்று ஏதோ சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார், கை முழுக்கச் சேறு. "தம்பி, இனிப் பாருங்கோ. வீடு வெறுமையெண்டால் ஒரு மாசத்திலை நான் இதிலும் நல்ல இடமாக் கொண்டு வருவன்" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிப்போனார். மோர் வந்தது. மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள், வெளியே வரவில்லை. தகப்பன் சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னார். உள்ளே சத்தம் இல்லை. வெட்கம் என்றார்.

ஒரு முழுக்குலை வெட்டிக் கரியரில் கட்டிவிட்டார். சைக்கிள் ஒரு பக்கம் சரிய வந்து சேர்ந்தேன். மனம் லேசாக இருந்தது, நெடுநாளைக்குப் பிறகு.

இராசத்துக்குச் சொன்னேன். "கோப்பாய்த் தண்ணியை நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "சரி, போவம்" என்றாள்.

ஓகஸ்ட் 25, புதன்

சாமான் கட்டு. அலுமாரி கழற்ற வேண்டும், ஆணி துருப்பிடித்துவிட்டது. புத்தகப் பெட்டியில் கறையான். சட்டம் வந்த பேப்பரையும் பாதி தின்றிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சின்னவள் கோப்பாயில் கடல் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால்: "வெண்ட வழக்குக்கு ஏன் வெளிக்கிடுறியள்?" அலுமாரி ஆணியைத் தட்டினேன். ஊரில் எனக்கு விசர் என்று கதை.

ஓகஸ்ட் 29, ஞாயிறு

நல்லூர்த் திருவிழாக் கூட்டம் எங்கள் ஒழுங்கை வரைக்கும். பகல் முழுக்க மேளம். நாங்கள் போகவில்லை, வீடு முழுக்கச் சாக்கும் கயிறும்.

மத்தியானத்துக்குப் பிறகு வேலிப் படலையில் மங்கை. கூட ஒரு வயதான உறவுக்காரி, வெயிலில் களைத்துப்போய், இராசம் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு விறாந்தையிலேயே கண் அயர்ந்துவிட்டா. தாயும் தகப்பனும் கோயில் வீதியில் நிற்கிறார்கள், காப்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். காப்பு ஒன்றும் கையில் இல்லை.

கட்டி வைத்த மூட்டைகளைப் பார்த்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. தகப்பனைப் போல நின்றபடியேதான். "ஐயா, நீங்கள் போகாதேங்கோ" என்றாள்.

உனக்காகத்தானே பிள்ளை போகிறோம். உன் கலியாணம் எங்களால் நின்று போயிற்றே என்றேன்.

"ஓம். அதுக்குத்தான் சொல்லுறன். வீடு வெறுமையாகினால் இன்னொருத்தர் வருவார். இஞ்சை ஆக்கள் இருக்குமட்டும் ஒருதரும் வராயினம்." கோட்டில் நடந்தது அவளுக்கு எல்லாம் தெரியும். வீடு அவள் பேரில். எழும்பச் சொல்லிக் கேட்க உரிமை உள்ளது அவள் ஒருத்திக்குத்தான். "நான் கேக்கேல்லை ஐயா. கேக்கவும் மாட்டன்" என்றாள்.

தை மாதம் ட்றெயினிங் கொலிச்சுக்கு ஆள் எடுக்கிறார்கள். அதுவரை ஒருவரும் வராமல் இருந்தால் போதுமாம். படித்து முடித்த பிறகு யாரைக் கொண்டு வந்தாலும் பார்க்கலாம் என்கிறாள். வாடகையை வழக்கம்போல அப்புவிடமே கொடுங்கள், அது அவர் கட்டிய வீடு என்றாள்.

தகப்பனிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை. அவர் முன்னால் வாய் வருகுதில்லையாம். "அப்பு கேட்டால், நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ. ஒளிக்க வேண்டாம்."

இராசம் அவளைக் குசினிக்குள் கூட்டிப்போனாள். அங்கே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். படலையில் நின்று கையசைத்தாள்.

அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டேன் என்று நாலு நாள் தின்னாமல் கிடந்தேன். நான் கெடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கதிரையில் இருந்து பேப்பர் வாசித்தேன், அவ்வளவுதான்.

ஓகஸ்ட் 30, திங்கள்

கோப்பாய்க்குக் கடிதம்: வரவில்லை, மன்னிக்கவும்.

நீர்வேலிக்குக் கடிதம் தொடங்கிக் கிழித்தேன். மறுபடி தொடங்கிக் கிழித்தேன். கந்தோரில் உத்தியோகக் கடிதம் எழுதுகிற கை இது. ஒரு தகப்பனுக்கு என்ன எழுதுவது? கையைப் பிடித்த மனுஷன். சேறு இன்னும் சேட்டுக் கையில் மஞ்சளாக நிற்கிறது, இராசம் தோய்த்தும் போகவில்லை.

நாளைக்கு நேரே போய்ச் சொல்ல வேண்டும்.

ஓகஸ்ட் 31, செவ்வாய்

போகவில்லை. சைக்கிள் ரயர் வெடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ரயர் மத்தியானந்தான் வெடித்தது, காலையிலும் போகவில்லை.

மூட்டைகளை அவிழ்த்தாயிற்று. அலுமாரி பழைய இடத்தில், கொஞ்சம் ஆடுகிறது.

செப்டெம்பர் 1, புதன்

விடியவே வண்டிச் சத்தம். வை. பெரிய வண்டிலோடு வந்துவிட்டார், தோட்டத்து ஆட்கள் இரண்டு பேர், கயிறு, விரிக்க வைக்கோல். சாமான் ஏற்ற உதவிக்கு. நான் கேட்கவேயில்லை. புதன் நல்ல நாள், ராகுகாலத்துக்கு முதல் வெளிக்கிடலாம் என்று படலையிலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

முற்றத்தில் நின்று வீட்டுக்குள் பார்த்தார். கொடியில் பிள்ளைகளின் சட்டை. அடுப்பில் புகை. "ஏன் தம்பி, ஒண்டும் கட்டேல்லையோ?"

போகவில்லை அண்ணை என்றேன்.

முகம் கறுத்தது. தோட்டத்து ஆட்களுக்கு முன்னால் வாக்கு மாறுகிறேன் என்று நினைத்திருப்பார். அவர் வாய் திறக்க முதல் சொன்னேன்: மங்கை ஞாயிற்றுக்கிழமை வந்தவள், போக வேண்டாம் என்று கேட்டாள், கலியாணம் இப்போது வேண்டாமாம், படிக்க வேண்டுமாம். சட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவர் வண்டில் துலாவில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். ஆட்களைப் பார்த்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கோ என்றார். அவர்கள் போனார்கள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. கோபிப்பார் என்று காத்திருந்தேன். உறுதியைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"உங்களுக்குச் சொன்னவள்," என்றார். "என்னட்டைச் சொல்ல அவளுக்குப் பயமோ தம்பி?"

நான் கிணற்றடிப் பக்கம் பார்த்தேன்.

ஆம்பிளைகள் கதைக்கும் இடத்துக்கு ஒரு நாளும் வராத இராசம், குசினி வாசலுக்கு வந்து நின்று, "ஓம் அண்ணை" என்றாள்.